பாதிக் கிணறு தாண்டினால் போதாது: உதவித்தொகை வழங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் அறக்கட்டளைகளின் அறங்காவலர்களுக்கும், அந்தப் பணத்தைப் பெற்று வரவு வைக்கும் கல்லூரி நிதி அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் ஒருவர் தந்த பணத்தில் படித்தவள் நான். பெயரை வெளியே சொல்ல விரும்பாத அந்த நன்கொடையாளரை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. அவர் இல்லையென்றால் எனக்குக் கல்லூரி வாசல் இல்லை. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். கீழே குறையாகத் தோன்றும் வரிகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

படிப்பை முடித்த பிறகு, பன்னிரண்டு ஆண்டுகளாக உதவித்தொகையில் படிக்கும் மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். விண்ணப்பம் நிரப்பித் தருவதில் தொடங்கிய வேலை, போகப் போகக் கணக்குப் பார்க்கும் வேலையாகிவிட்டது. யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள், எந்தத் தலைப்பில். அந்தக் கணக்குகளைப் பார்த்துப் பார்த்து என் மனதில் உறுதியாகிவிட்ட ஒன்றைச் சொல்லவே இந்த மடல்: உங்கள் பணம் கல்லூரியின் வாசலில் நிற்கிறது. கடன் சேர்வதோ உள்ளே, போகப் போக, கடைசி ஆண்டில்.

என் கதையையே சொல்கிறேன். எனக்குக் கிடைத்த உதவித்தொகைக் கடிதத்தில் மூன்று ஆண்டுகள் என்று எழுதியிருந்தது. என் படிப்பு நான்கு ஆண்டு. கடிதம் வந்த மகிழ்ச்சியில் வீட்டில் யாரும் அந்த எண்ணைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டோம். நான்காம் ஆண்டுக்குக் கடன் வாங்கினேன். அது போதாமல் உறவினர்களிடம் கைமாற்று. கடைசிப் பருவத் தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தபோது துறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார்கள். கட்டண நிலுவை உள்ளவர்களின் பதிவு எண்கள். மொத்தம் பதினொன்று, ஏழாவது என்னுடையது. அதன் கீழே யாரோ சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தார்கள். தோழிகள் கண்ணில் படக் கூடாது என்று அந்தத் தாளை முதுகால் மறைத்துக்கொண்டு நெடுநேரம் அங்கேயே நின்றேன். ஆய்வகக் கட்டணத்தில் மிச்சம், கூடவே தாமதக் கட்டணம். அந்த ஆண்டு எனக்கு ஆன மொத்தச் செலவில் நூறில் மூன்று பங்குகூட வராது.

கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை பார்த்த ஓர் அம்மாவுக்கு எப்படியோ விஷயம் தெரிந்திருக்கிறது. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு ஓர் உறையை நீட்டினார். "வேலைக்குப் போன பிறகு திருப்பிக் கொடுத்தால் போதும்" என்றார். நான் தேர்வு எழுதினேன். பட்டியலில் இருந்த மற்றப் பத்துப் பேரில் இருவர் எழுதவில்லை. அதில் ஒருத்தி என் ஆய்வகத் தோழி. இன்றுவரை அவளிடம் பட்டம் இல்லை. மூன்றரை ஆண்டுப் படிப்புக்கு வாங்கிய கடனை மட்டும், பட்டம் கேட்காத வேலைகளில் கிடைக்கும் சம்பளத்திலிருந்து வெகுகாலம் அடைத்துக்கொண்டிருந்தாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். தாழி உடைய எவ்வளவு சின்னக் கல் போதும் என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இது எனக்கும் என் தோழிக்கும் மட்டும் நேர்ந்த விபத்து இல்லை. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் கணக்கேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, கட்டணம் முழுமையாகக் கட்டாததால் ஒவ்வொரு பருவமும் பெயர் நீக்கப்படும் மாணவர்களில் பலருக்குப் பாக்கி சில நூறு டாலர்கள்தான் என்று தெரிந்தது. அவர்களில் நன்றாகப் படிப்பவர்கள் ஏராளம். பட்டத்துக்கு இன்னும் ஓரிரு பருவங்களே மீதமிருந்தவர்களும் ஏராளம். 2011-இல் அந்தப் பல்கலைக்கழகம் ஒரு சிறு மானியத் திட்டத்தைத் தொடங்கியது. மாணவர் விண்ணப்பிக்கவே வேண்டாம். நிலுவைப் பட்டியலைப் பல்கலைக்கழகமே பார்த்து, முடிக்கும் தறுவாயில் இருப்பவரைக் கண்டுபிடித்து, பாக்கியைத் தானே வரவு வைத்துவிட்டுச் செய்தி அனுப்பும். கடைசி ஆண்டில் இந்த உதவியைப் பெற்றவர்களில் பெரும்பாலோர் இரண்டு பருவங்களுக்குள் பட்டம் வாங்கிவிட்டார்கள். மாணவர் படிப்பைத் தொடர்ந்ததால் கட்டணம் வந்தது; பல்கலைக்கழகத்துக்கும் இழப்பில்லை. எங்கள் நூலக அம்மா ஓர் உறையில் செய்ததை அங்கே ஓர் அலுவலகம் முறையாகச் செய்கிறது. உங்களிடம் நான் கேட்பதும் அதைத்தான். ஆண்டுதோறும் ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். புதியவர்களைச் சேர்க்க அதைத் தொடாதீர்கள். ஏற்கெனவே சேர்ந்தவர்களை முடிக்க வைப்பதற்கு மட்டும் அது இருக்கட்டும்.

இதற்கு எதிர்வாதம் எனக்குத் தெரியும். அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு பேரைச் சேர்க்கலாமே என்பீர்கள். சேர்க்கலாம். ஆண்டு விழா மேடையில் இருபது பேர் நிற்பதற்குப் பதில் இருபத்திரண்டு பேர் நிற்பார்கள். ஆனால் படிப்பை முடிக்காமல் வெளியேறியவரின் கடன்தான் எல்லாக் கடன்களிலும் கொடியது. அமெரிக்க மாணவர் கடன்களை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இது: தவணை கட்ட முடியாமல் முறிந்துபோகிறவர்களில் பெரிய கடன் வாங்கியவர்களைவிடச் சிறிய கடன் வாங்கியவர்கள் அதிகம். முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். காரணம் எளியது. கடன் சிறியதாக இருப்பது பாதியில் நின்றுபோனதால். பட்டம் இல்லாததால் அந்தச் சிறிய கடனையும் கட்டும் வருமானம் இல்லை. பட்டம் முடித்தவர் பெரிய கடனைக்கூட மெல்ல அடைத்துவிடுகிறார். ஆகவே ஒரு மாணவியின் கடனைக் குறைக்க வேண்டும் என்றால் முதல் வேலை, அவள் படிப்பை முடிக்கிறாளா, குறித்த ஆண்டில் முடிக்கிறாளா என்று பார்ப்பது.

குறித்த ஆண்டில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மாணவர்களுக்கு நான் தாளில் போட்டுக் காட்டும் கணக்கை இங்கேயும் போடுகிறேன். நான்கு ஆண்டுப் படிப்பு. ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் ஒருத்தி 25 கடன் வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 10 சதவீதம், தனிவட்டி. முதலாண்டில் வாங்கிய 25, பட்டம் பெறும் நாளில் 35 ஆகிவிடும். நான்காம் ஆண்டில் வாங்கியது 27.50. நான்கையும் கூட்டினால் வாங்கியது 100, கட்ட வேண்டியது 125. பல கடன்களில் தவணை தொடங்கும் நாளில் அந்த 25 வட்டியையும் அசலோடு சேர்த்துவிடுவார்கள்; அதன்பின் 125-க்கு வட்டி. இப்போது அதே மாணவி ஏதோ காரணத்தால் ஐந்தாம் ஆண்டும் படிக்க நேர்கிறது. இன்னொரு 25 வாங்குகிறாள். பழைய கடன்களும் ஓராண்டு கூடுதலாக வளர்கின்றன. மொத்தம் 162.50. அவள் வாங்கியது 25 கூடுதல், கட்டப்போவது 37.50 கூடுதல். அந்த ஓராண்டில் கிடைத்திருக்க வேண்டிய சம்பளத்தை நான் இதில் சேர்க்கவில்லை.

இந்தக் கணக்கில் சிறிய அறக்கட்டளைகளுக்கு ஒரு வழியும் இருக்கிறது. கல்விக் கட்டணத்தை ஏற்கும் சக்தி இல்லை என்று சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை மட்டும் நீங்கள் கட்டினாலும் அந்தப் பிள்ளை 125-உடன் அல்ல, 100-உடன் வெளியே வருவாள். இப்படி உதவும் அறக்கட்டளையை நான் பார்த்தது அரிது. புகைப்படம் எடுக்க ஏற்ற உதவி அல்ல என்பதால் இருக்கலாம். பெற்றுக்கொள்பவருக்கு அது எத்தனை பெரியது என்பதை என்னால் சொல்ல முடியும்.

அடுத்து உங்கள் கடிதங்கள். பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளையும், கல்லூரியைப் பார்த்திராத பெற்றோரும் சேர்ந்து படிக்கப்போகும் கடிதம் அது. அமெரிக்காவில் இரண்டு அமைப்புகள் சேர்ந்து கல்லூரிகளின் நிதியுதவிக் கடிதங்களை ஆராய்ந்து 2018-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. ஒரே வகையான அரசு மாணவர் கடனைக் குறிக்க 455 கல்லூரிகள் 136 விதமான பெயர்களைப் பயன்படுத்தியிருந்தன. அவற்றில் 24 பெயர்களில் கடன் என்ற சொல்லே இல்லை. மானியமும் கடனும் ஒரே பட்டியலில், ஒரே எழுத்தில், ஒன்றாகக் கூட்டப்பட்டு 'உங்களுக்கான உதவி' என்று முடிகிறது. கடனை உதவி என்று எழுதுவது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் துரோகம். இதைவிட மென்மையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. கடிதத்தில் நான்கு எண்கள் போதும்: ஓராண்டுக்கு ஆகும் முழுச் செலவு, அதில் திருப்பித் தர வேண்டாத பணம், மிச்சம் நீங்கள் தேட வேண்டியது, இந்த உதவி எத்தனை ஆண்டுக்கு. நான்காவது எண் படிப்பின் ஆண்டுகளைவிடக் குறைவு என்றால், அதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். என் வீட்டில் அன்றைக்கு யாராவது அதைப் பார்த்திருந்தால், நான்காம் ஆண்டுக்காக முதலாண்டிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருப்போம்.

முழுச் செலவு என்றால் கல்விக் கட்டணம் மட்டும் இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். விடுதி, சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து, தேர்வுக் கட்டணம், மடிக்கணினி பழுதானால் அதற்கு. கட்டணம் முழுவதையும் உதவித்தொகை ஏற்ற பிறகும் கடனோடு வெளியே வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சென்ற ஆண்டு ஒருத்தி தன் செலவு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. ஒவ்வொரு வரிக்கும் தேதி. மாதத்தின் கடைசி வாரத்தில் வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. சிக்கனமான பெண் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். பக்கங்களைப் புரட்டியபோது எல்லா மாதமும் அப்படியே இருந்தது. அந்த வாரங்களில் அவள் இரவில் சாப்பிடவில்லை. அவளைத் தேர்ந்தெடுத்த குழுவின் பதிவேட்டில் 'முழு உதவி பெறுபவர்' என்று இருக்கிறது.

கல்லூரி நிதி அலுவலர்களிடம் தனியாக ஒன்று. வெளியிலிருந்து ஒரு மாணவர் உதவித்தொகை வாங்கிவந்தால், நீங்கள் தருவதாகச் சொன்ன மானியத்தை அதே அளவுக்குக் குறைத்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இரவெல்லாம் உட்கார்ந்து கட்டுரை எழுதி, நேர்காணலுக்குப் போய் அந்தப் பிள்ளை வென்ற பணம் கடைசியில் கல்லூரியின் கணக்கில் போய்ச் சேருகிறது. அவருடைய கடன் ஒரு காசும் குறைவதில்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் தன் பொதுக் கல்லூரிகளில் இதற்குக் கட்டுப்பாடு விதித்து 2017-இல் சட்டம் இயற்றியது. அங்கே இத்தகைய சட்டங்களில் அதுவே முதல். சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெளிப்பணம் வந்தால் முதலில் கடன் குறையட்டும், அடுத்து பகுதிநேர வேலையின் மணிக்கணக்கு குறையட்டும், கல்லூரியின் மானியத்தை எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தொடுங்கள். அறங்காவலர்களே, காசோலையோடு அனுப்பும் கடிதத்தில் இந்த ஒரு வரியை நிபந்தனையாகச் சேர்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. உங்கள் பணம் யாருடைய சுமையைக் குறைக்கிறது என்று ஒருமுறையாவது கேட்டுப் பாருங்கள்.

பணம் வந்து சேரும் தேதியும் முக்கியம். கட்டணம் பருவத்தின் முதல் வாரம். உதவித்தொகை மூன்றாம் மாதம். இடையில் அந்தக் குடும்பம் எங்கே போகும்? கிடைக்கும் இடத்தில், கிடைக்கும் வட்டிக்கு வாங்கும். உதவித்தொகை வந்ததும் அசலை அடைத்துவிடுவார்கள். வட்டி அவர்கள் தலையில் நிற்கும். தொகையைக் கூட்டாமல், தேதியை மட்டும் முன்னால் கொண்டுவந்தாலே கரையும் கடன் இது.

புதுப்பிக்கும் நிபந்தனைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு வைத்த விதிகள்தான் இங்கே அதிகம் காயப்படுத்துகின்றன. மதிப்பெண் ஒரு புள்ளி குறைந்தால் அடுத்த ஆண்டு உதவி முழுவதும் நின்றுவிடும் என்பது பலர் வைத்திருக்கும் விதி. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளை முதலாண்டில் தடுமாறாமல் இருந்தால்தான் வியப்பு. அந்தத் தடுமாற்றத்தோடு பணமும் நின்றால் அவர் இரண்டு பள்ளங்களில் ஒரே சமயத்தில் விழுகிறார். நிபந்தனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. மேற்கு வர்ஜீனியா மாநிலம் 2002-இல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டத்தில், புதுப்பிக்க ஆண்டுக்கு 30 கிரெடிட் (முடித்த பாடங்களை அளக்கும் அலகு) முடித்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. அமெரிக்காவில் ஒரு பருவத்துக்கு 12 கிரெடிட் எடுத்தாலே முழுநேர மாணவர் என்று கணக்கு. ஆனால் 12 வீதம் போனால் நான்கு ஆண்டில் 96-தான் சேரும். பட்டத்துக்கு 120 வேண்டும். இந்த இடைவெளியை அந்த விதி மூடியது. நான்கு ஆண்டுக்குள் பட்டம் பெறுவோர் விகிதம் ஏறத்தாழ 7 சதவீதப் புள்ளி உயர்ந்ததாக ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது: புதுப்பிக்க வேண்டிய தேவை இல்லாத கடைசி ஆண்டில் அந்த வேகம் காணாமல் போனது. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது, பட்டத்தை நோக்கி நடக்கிறார்களா என்று பார்க்கும் விதி நல்லது. அந்தக் கவனம் கடைசி ஆண்டில் கைவிட்டுப் போகக் கூடாது என்பது. மதிப்பெண் சரிந்தால் ஒரு பருவம் அவகாசம் கொடுங்கள். அந்தப் பருவத்தில் பாடம் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளையும் கொடுங்கள்.

ஆள் என்றதும் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் இரண்டாண்டுப் பட்டயக் கல்லூரிகளில் 2007-இல் தொடங்கிய 'ஏசாப்' திட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. உதவித்தொகை போக மிச்சமிருக்கும் கட்டணத்தைத் திட்டம் ஏற்கும். பயண அட்டை தருவார்கள், புத்தகச் செலவுக்கு உதவுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சில மாணவர்களை மட்டும் பொறுப்பேற்று அடிக்கடி சந்திக்கும் ஆலோசகர் ஒருவர் உண்டு. குலுக்கல் முறையில் மாணவர்களை இரு குழுவாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். மூன்று ஆண்டுகளில் பட்டயம் முடித்தவர்கள் திட்டத்தில் இருந்தோரில் 40 சதவீதம், மற்றவர்களில் 22 சதவீதம். ஒஹையோ மாநிலத்தில் மூன்று கல்லூரிகள் இதே முறையைப் பின்பற்றியபோது 35-க்கு 19. ஒரு மாணவருக்கு ஆகும் செலவு கூடுதல்தான். பட்டயம் பெற்றவர் ஒருவருக்கு எவ்வளவு ஆனது என்று வகுத்துப் பார்த்தபோது, நியூயார்க்கில் அது வழக்கமான முறையைவிடக் குறைவாகவே வந்தது. என் அனுபவத்தில் அந்தப் பயண அட்டை சாதாரண விஷயமில்லை. கையில் காசில்லாத நாளில் முதலில் நிற்பது வகுப்புக்குப் போவதுதான்.

கடனே இல்லாமல் படிப்பது எல்லோருக்கும் முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2001-இல் தன் நிதியுதவியிலிருந்து கடனை எடுத்துவிட்டு முழுவதும் மானியமாக மாற்றியது. அத்தனை பெரிய நிதி வைத்திருக்கும் நிறுவனங்கள் சிலவே. ஆனால் கடனுக்கு ஒரு கரை கட்ட முடியும். ஜெர்மனியில் 'பாஃபோக்' என்ற அரசு மாணவர் உதவியில் பாதி மானியம், பாதி வட்டியில்லாக் கடன். எவ்வளவு பெற்றிருந்தாலும் திருப்பித் தர வேண்டியது 10,010 யூரோவைத் தாண்டாது. படிப்பைத் தொடங்கும் நாளிலேயே அந்த எண் மாணவருக்குத் தெரியும். உதவிக் காலம் முடிந்த பிறகும் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், முடிப்பதற்கென்றே அதிகபட்சம் 12 மாதங்களுக்கு வட்டியில்லாக் கடனும் அங்கே உண்டு. ஒரு அரசே கடைசி ஓராண்டுக்கென்று தனியாக ஒரு வழி வைத்திருக்கிறது என்று படித்தபோது எனக்கு அந்தச் சிவப்புக் கோடுதான் நினைவுக்கு வந்தது.

நிலுவைக்காகச் சான்றிதழ்களை நிறுத்திவைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சான்றிதழ் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் பாக்கி அடையாது. மதிப்பெண் பட்டியலை இப்படிப் பிடித்துவைப்பதைக் கலிஃபோர்னியா 2020 முதலும் நியூயார்க் 2022-இலும் சட்டத்தால் தடுத்தன. பாக்கியைக் கேளுங்கள், தவணை போட்டுக்கொடுங்கள், தாளைக் கையில் கொடுங்கள்.

இத்தனையும் ஒரே ஆண்டில் நடக்காது என்று தெரியும். ஆனால் ஒன்றை இந்த வாரமே செய்யலாம். உங்கள் உதவித்தொகையில் படிப்பவர்களில் யாரெல்லாம் இப்போது கடைசி ஆண்டில் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுங்கள். பத்துப் பெயர் இருக்கும், இருபது இருக்கும். ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள்: கல்லூரிக்கு இன்னும் எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் தேதிக்குள்? படிவம் அனுப்பாதீர்கள். படிவத்தில் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். நன்றியும் கூச்சமும் சேர்ந்து பேனாவைப் பிடித்துக்கொள்ளும். என் கடைசி ஆண்டில் வந்த படிவத்தில் 'ஏதேனும் சிரமம் உண்டா' என்ற கேள்விக்கு நான் 'இல்லை' என்றுதான் எழுதினேன்.

என் பொறுப்பில் இப்போது நான்கு பேர் கடைசிப் பருவத்தில் இருக்கிறார்கள். மூவருக்குப் பாக்கி இல்லை. நான்காமவள் அந்த நோட்டுக்காரப் பெண். நாளைக் காலை அவளோடு நிதி அலுவலகத்துக்குப் போகிறேன். தேர்வுப் பட்டியல் ஒட்ட இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் உதவியில் படித்த ஒருத்தி